வெட்டப்பட்ட இரண்டு பந்திகள்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குத் தான் எழுதியவற்றில் பெரும்பாலானவை மறந்துபோய்விடும். எழுதிவிட்டுத் தானே வெட்டியெறிந்த சில வரிகள் மட்டும் எக்காரணத்தாலோ மனதில் தங்கிவிடுகின்றன. அவ்வாறு என்னுள் தங்கிவிட்ட இரண்டு பந்திகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

2016 செப்டெம்பர் 4 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் நான் பணியாற்றிய நாளேட்டின் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அன்றிரவு எனது பொறுப்பில் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஸ்டாண்டிங் றொக் என்ற, சியூ பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட பிரதேசத்துக்கு அருகில் மசகு எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலை நடைபெற்றுக் கொண்டிருந்தது. அதனை மறிக்கச் சென்ற மக்களுக்கும் நிறுவனத்தின் தனியார் காவலர்களுக்கும் இடையில் முந்தைய நாள் மோதல் ஏற்பட்டிருந்தது. காவலர்கள் நால்வரும் இரண்டு நாய்களும் காயமடைந்ததாக ஷெரிப் அலுவலகம் தெரிவித்தது. நாய்கள் கடித்ததில் ஒரு சிறு பிள்ளை உட்பட ஆறு பேர் காயமடைந்ததாகவும், முப்பது பேர் வரையில் மிளகுத் திரவம் தெளிக்கப்பட்டுப் பாதிக்கப்பட்டதாகவும் பூர்வகுடிகளின் பேச்சாளர் தெரிவித்தார்.

இந்தச் செய்தியுடன் சேர்ப்பதற்காக இரண்டு பந்திகளில் ஒரு பின்னணிக் குறிப்பை எழுதினேன். அதற்கு என்னைத் தூண்டியது, அந்த மோதல் நிகழ்ந்த அதே நாளில் இணையத்தில் வெளியாகியிருந்த ஒரு கட்டுரை. அதனை எழுதியவர் லடோனா பிரேவ் புல் அலார்ட். ஸ்டாண்டிங் றொக் மக்களின் வரலாற்றைத் திரட்டிவந்த பெண்மணி அவர். 2016 ஏப்ரல் 1 ஆம் திகதி, குழாய்க்கு எதிரான முதலாவது முகாம் அவருடைய நிலத்திலேயே அமைக்கப்பட்டது. செப்டெம்பர் 3 ஆம் திகதியைத் தம்மால் ஏன் மறக்கவியலாது என்பதை அக்கட்டுரையில் அவர் விளக்கியிருந்தார்.

பக்கத்தை முடிக்கும் வேளையில் விளம்பரப் பிரிவிலிருந்து பெரிய விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தது. எவற்றையேனும் குறைத்தாக வேண்டும். என்னிலும் மூத்தவரான செய்தி ஆசிரியர் எனது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தம்பி, அமெரிக்காவிலை எங்கையோ குழாய் தாட்டா எங்கடை வாசகருக்கு என்ன? பின்னணியை வெட்டும்" என்றார். நான் வாதாடவில்லை. இரண்டு பந்திகளையும் நானே வெட்டினேன். மறுநாள் பத்திரிகையில் அந்தச் செய்தி, 'எண்ணெய்க் குழாய்க்கு எதிராக ஆர்ப்பாட்டம்: காவலர்களும் நாய்களும் காயம்' என்ற தலைப்புடன் வெளிவந்தது. கடியுண்ட மனிதர்கள் தலைப்பில் இடம்பெறவில்லை. அதிகாரிகளின் கூற்று முதலில் இருந்ததால் தலைப்பும் அதிலிருந்தே எடுக்கப்பட்டது. அத்தலைப்பை இட்டவனும் நானே.

அந்த இரண்டு பந்திகளில் இருந்தவற்றைச் சற்று விரிவாக இப்பொழுது எழுதுகிறேன்.

முதலாவது பந்தி நிலத்தைப் பற்றியது. கனன்போல் என்ற ஆறு மிசூரி ஆற்றுடன் சேருமிடத்திலேயே லடோனாவின் நிலம் அமைந்திருந்தது. கனன்போல் என்றால் பீரங்கிக் குண்டு. இரண்டு ஆறுகளும் மோதிச் சுழன்ற அந்த இடத்தில் உருண்டைக் கற்கள் உருவாகின என்பது அம்மக்களின் கூற்று. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அவை பீரங்கிக் குண்டுகளாகத் தெரிந்தன. அம்மக்களோ அதனைப் புனிதக் கற்களை உருவாக்கும் ஆறு என்று அழைத்தனர். 1851 இல் லாரமி கோட்டையில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி கனன்போல் ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலமும் சியூ மக்களின் நாடாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1868 இல் இரண்டாவது உடன்படிக்கை வந்தது. பின்னர் பொன் கண்டுபிடிக்கப்பட்ட கருங்குன்றுகளை 1877 இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எஞ்சியிருந்த பெருநிலம் 1889 இல் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. அத்துண்டுகளில் ஒன்றுதான் ஸ்டாண்டிங் றொக். சியூ மக்களின் தலைவர் சிற்றிங் புல் 1890 டிசம்பர் 15 இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தப் பிரதேசத்திலேயே ஆகும். கருங்குன்றுகள் எடுத்துக்கொள்ளப்பட்டமைக்கு நட்டஈடு வழங்க வேண்டும் என 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டியுடன் சேர்த்து 10 கோடி டொலருக்கும் அதிகமான அத்தொகையைச் சியூ மக்கள் இன்றுவரை ஏற்கவில்லை. வறுமை மிகுந்த மக்கள், விற்காத நிலத்துக்கு விலை வாங்க மாட்டோம் என்று நிற்கிறார்கள்.

செப்டெம்பர் 3 என்ற திகதியும் அப்பந்தியில் இருந்தது. 1863 ஆம் ஆண்டு அதே நாளில், ஸ்டாண்டிங் றொக்கிற்குக் கிழக்கேயுள்ள வைற்ஸ்ரோன் குன்றில் தங்கியிருந்த மக்கள்மீது ஜெனரல் சலியின் படைகள் தாக்குதல் நடத்தின. குளிர்காலத்துக்கென இறைச்சி உலர்த்திக் கொண்டிருந்த குடும்பங்கள் அவை. பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டனர். குண்டடிபட்டு உயிர் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியே லடோனாவின் எள்ளுப்பாட்டி முறையான மூதாய். சரியாக 153 ஆண்டுகள் கழிந்து, அதே திகதியில், அம்மக்களின் மீது நாய்கள் ஏவப்பட்டன. தமது மூதாதையரின் கல்லறைகள் உள்ளன என்று அதற்கு முந்தைய நாளில் நீதிமன்றத்துக்கு அறிவித்திருந்த நிலத்தில் புல்டோசர்கள் ஓடியதைக் கண்டே அவர்கள் அங்கு சென்றிருந்தனர். அந்நிலத்தில் மனித எச்சங்கள் எவையும் காணப்படவில்லை என்று மாநிலத் தொல்லியல் அதிகாரிகள் பின்னர் கூறினர். பார்க்க வேண்டிய இடம் ஏற்கெனவே கிளறப்பட்டுவிட்டது என்பது பூர்வகுடிகளின் பதில்.

இரண்டாவது பந்தி தண்ணீரைப் பற்றியது. மிசூரி ஆற்றைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்கு 1944 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கீகாரம் அளித்தது. அதன்படி இராணுவப் பொறியியல் படையணி ஓவாஹி அணையைக் கட்டியது. 1962 இல் ஜனாதிபதி கென்னடி அதனைத் திறந்து வைத்தார். அணையின் பின்னே தேங்கிய நீரினுள் ஸ்டாண்டிங் றொக் மக்களின் ஏறத்தாழ 56,000 ஏக்கர் நிலம் மறைந்தது. ஆற்றங்கரைத் தாழ்நிலமே அவர்களிடம் இருந்தவற்றுள் வளமானது. விறகும் மூலிகையும் காட்டுப் பழமும் தோட்டமும் அங்குதான் இருந்தன. 1960 ஜனவரியின் கடுங்குளிரில் குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1958 இல் 1 கோடி 20 இலட்சம் டொலருக்குச் சற்று அதிகமான தொகை நட்டஈடாக ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதாது என்பதை ஏற்றுக்கொண்டு மேலும் 9 கோடி டொலருக்கு அதிகமான நிதியைக் காங்கிரஸ் அனுமதிக்க 1992 ஆம் ஆண்டாயிற்று. இதற்கிடையில் கனன்போல் ஆற்றின் முகத்துவாரமும் மாற்றியமைக்கப்பட்டது. சுழி நின்றது. அதன் பின்னர் அங்கே புனிதக் கற்கள் உருவாகவில்லை என்கிறார்கள் அம்மக்கள்.

2016 ஜூலை 25 இல் குழாய் ஓவாஹி ஏரியைக் கடந்து செல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததும் அணையைக் கட்டிய அதே இராணுவப் பொறியியல் படையணிதான்.

இவ்வளவும் தெரிந்த பின்னர் அந்தச் செய்தியை வாசிப்பவருக்கு அது வேறொரு செய்தியாகிவிடும். தெரியாதவருக்கோ, அபிவிருத்தித் திட்டமொன்றைக் குழப்பும் சிலரின் கூச்சலாகவே அது தோன்றும்.

குழாயை அமைத்த நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் கூறவேண்டும். டகோட்டா அக்சஸ் எனப்படும் இக்குழாய் வட டகோட்டாவின் பேக்கன் எண்ணெய் வயல்களிலிருந்து தென் டகோட்டா, அயோவா ஆகிய மாநிலங்களின் ஊடாக இலினோய் மாநிலம் வரை 1,886 கிலோ மீற்றர் நீளமானது. அமைக்க ஏறக்குறைய 380 கோடி டொலர் செலவாயிற்று. (டகோட்டா என்பது அம்மக்களின் மொழியில் நண்பன் என்று பொருள்படும் சொல்.) குழாய் ஒதுக்கப் பிரதேசத்தின் எல்லைக்குள் நுழையவேயில்லை, ஏற்கெனவே எரிவாயுக் குழாய் செல்லும் பாதையையே ஒட்டிச் செல்கிறது, ஏரியின் அடித்தளத்துக்கும் கீழே 90 அடிக்கு அதிகமான ஆழத்தில் பதிக்கப்படுகிறது, புகையிரதத்தில் எண்ணெயை ஏற்றுவதிலும் இது பாதுகாப்பானது என்று நிறுவனம் வாதிட்டது. கடைசி வாதத்தை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. 2013 ஜூலையில் கனடாவின் லக் மெகான்ரிக் நகரில் தடம்புரண்டு வெடித்து 47 உயிர்களைப் பலிகொண்ட புகையிரதத்தில் இருந்தது பேக்கன் எண்ணெயே. பூர்வகுடிகள் யாவரும் எண்ணெய்க்கு எதிரானவர்கள் என்பதும் சரியன்று. அதே மாநிலத்தின் போர்ட் பேர்தோல்ட் பிரதேசத்துப் பூர்வகுடிகள் தமது நிலத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். அவர்களின் எண்ணெயும் இக்குழாயில் ஓடுகிறது.

ஆனால் ஸ்டாண்டிங் றொக் மக்கள் கேட்ட ஒரு கேள்விக்கு எவரும் நேரான பதில் சொல்லவில்லை. குழாயின் பாதை தொடக்கத்தில் மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்கிற்கு வடக்கே மிசூரியைக் கடப்பதாகவும் ஆராயப்பட்டது. அப்பாதை கைவிடப்பட்டது. நகரின் குடிநீர்க் கிணறுகளுக்கு அது அருகில் இருந்தமை, கைவிடப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. பின்னர் தெரிவான இடமோ, ஒதுக்கப் பிரதேசத்தின் எல்லைக்கு அரை மைல் தொலைவில், ஆற்றின் மேல்நிலையில் உள்ளது. அவர்களின் குடிநீரும் அந்த ஏரியிலிருந்தே எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் நகருக்கு ஆபத்தெனக் கருதப்பட்டது எங்களுக்கு எவ்வாறு ஆபத்தில்லாமற் போனது என்பதே அவர்களின் கேள்வி.

அந்தக் கேள்வியை அவர்கள் கேட்ட விதமும் குறிப்பிடத்தக்கது. முதலில் இளைஞர்கள் ஓடினார்கள். பொறியியல் படையணியின் அலுவலகம் இருந்த ஒமாஹா நகருக்கும், பின்னர் ஏறக்குறைய 2,000 மைல் தொலைவிலுள்ள வொஷிங்டனுக்கும் அஞ்சலோட்டமாக ஓடிச் சென்று மனுக் கையளித்தார்கள். ஜூலை 27 இல் வழக்குத் தொடரப்பட்டது. செப்டெம்பர் 20 இல் அவர்களின் தலைவர் டேவிட் ஆர்ச்சம்போல்ட், எமது வாசகர்களுக்கு மிகவும் பழக்கமான ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் உரையாற்றினார். அவருக்குக் கிடைத்தவை இரண்டு நிமிடங்கள். முகாமில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். ஒருகாலத்தில் தமக்குள் போரிட்ட குலங்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட பூர்வகுடிகளின் கொடிகள் அங்கு பறந்தன. 'ம்னி விச்சோனி' என்பது அவர்களின் முழக்கம். நீரே உயிர் என்று பொருள். தங்களை ஆர்ப்பாட்டக்காரர் என்று அழைக்க வேண்டாம், நாங்கள் நீரின் காவலர் என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கூறினர்.

ஒருவரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பதில் அவரை எவ்வாறு நடத்தப்போகிறோம் என்பதும் அடங்கியிருக்கிறது. இதனை இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளனுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாய்கள் ஏவப்பட்ட காட்சியைப் பதிவுசெய்து உலகுக்குக் காட்டிய ஊடகவியலாளர் ஏமி குட்மன்மீது பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. அவர் ஊடகவியலாளராக அன்றி ஆர்ப்பாட்டக்காரராகவே நடந்துகொண்டார் என்பது அரசதரப்பு வழக்கறிஞரின் வாதம். கலகத்தில் ஈடுபட்டதாக அவர்மீது சுமத்த முயன்ற குற்றச்சாட்டை 2016 ஒக்டோபர் 17 இல் நீதிபதி நிராகரித்தார். நிறுவனம் அமர்த்தியிருந்த பாதுகாப்புக் கம்பனியின் உள்ளக ஆவணங்கள் 2017 மே மாதத்தில் கசிந்தபோது, இம்மக்களின் இயக்கம் மதச்சார்புடைய ஒரு கிளர்ச்சியாகவும் ஜிஹாதிகளுடன் ஒப்பிடத்தக்கதாகவும் அவற்றில் வர்ணிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. கிளர்ச்சி என்று பெயரிட்டுவிட்டால் அதற்குரிய ஆயுதங்களும் தாமாகவே வந்துவிடும். 2016 நவம்பர் 20 இரவு, உறைநிலைக்குக் கீழான குளிரில் நின்ற மக்கள்மீது நீர் பீய்ச்சியடிக்கப்பட்டது. தண்ணீரைக் காக்க வந்தவர்கள் தண்ணீரால் தாக்கப்பட்டனர். ஏறத்தாழ 300 பேருக்குச் சிகிச்சை அளித்ததாக முகாமின் மருத்துவ உதவியாளர்கள் தெரிவித்தனர்.

டிசம்பர் 4 இல், ஏரியின் கீழாகக் குழாயைக் கொண்டுசெல்ல இப்போதைக்கு அனுமதியில்லை என்று ஒபாமா அரசாங்கத்தின் இராணுவத் திணைக்களம் அறிவித்தது. முகாமில் மக்கள் அழுதுகொண்டே பாடினர். மறுநாள், முன்னாள் படைவீரர்கள் சிலர் பூர்வகுடி முதியோர் முன்னே மண்டியிட்டு, அமெரிக்க இராணுவம் இழைத்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டனர். அதே டிசம்பர் 5 இல் இன்னொன்றும் நடந்தது. முகாமிலிருந்து ஏறக்குறைய 150 மைல் தொலைவில், வேறொரு குழாயிலிருந்து ஓடையொன்றினுள் எண்ணெய் கசிந்துகொண்டிருப்பதை நில உரிமையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். கசிவைக் கண்டறியவென்று பொருத்தப்பட்டிருந்த கருவிகள் அதனைக் கண்டறியவில்லை.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2017 ஜனவரி 24 இல் புதிய ஜனாதிபதி ட்ரம்ப் பணியைத் துரிதப்படுத்துமாறு பணித்தார். பெப்ரவரியில் அனுமதி கிடைத்தது, முகாம் அகற்றப்பட்டது. ஜூன் 1 இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. முழுமையான சுற்றாடல் ஆய்வு இல்லாமல் அனுமதி வழங்கியது தவறு என்று 2020 மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலையில் அந்த அனுமதியை ரத்துச் செய்து குழாயை மூடுமாறும் கட்டளையிட்டது. 2021 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்தை உறுதிசெய்தது. மூடும் கட்டளையை ஏற்கவில்லை. ஆகவே, அம்மக்கள் வழக்கில் வென்ற பின்னரும் குழாயில் எண்ணெய் ஓடியது. லடோனா 2021 ஏப்ரலில் காலமானார்.

2025 மார்ச்சில், இந்த எதிர்ப்பைத் தூண்டியதாகக் கிரீன்பீஸ் அமைப்பின்மீது குழாய் நிறுவனம் தொடுத்த வழக்கில், வட டகோட்டாவின் ஜூரிகள் 66 கோடி டொலருக்கு அதிகமான தொகையை நட்டஈடாக விதித்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் நீதிபதி அதனை 34 கோடி 50 இலட்சம் டொலராகக் குறைத்தார். தொகையைவிட அந்த வழக்கின் அடிப்படைதான் என்னை உறுத்தியது. வெளியார் வந்து தூண்டியிராவிட்டால் அம்மக்கள் பேசாதிருந்திருப்பார்கள் என்ற எண்ணம் அதனுள் இருக்கிறது. 1863 உம் 1877 உம் 1960 உம் வெட்டப்பட்ட செய்தியை வாசிப்பவருக்கு அந்த எண்ணம் இயல்பாகவே வரும். அவ்வாறான செய்தியொன்றை நானும் அச்சிட்டிருக்கிறேன்.

அன்றிரவு செய்தி ஆசிரியர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன்னர், 2015 இன் தொடக்கத்தில், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் குறித்து எழுத நான் யாழ்ப்பாணம் சென்றிருந்தேன். வற்றாத ஆறுகள் இல்லாத அந்தக் குடாநாட்டில் சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் தேங்கும் நிலத்தடி நீரே குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் உரியது. ஒரு வீட்டுக் கிணற்றடியில் வயதான அம்மா ஒருவர் வாளியில் நீரை அள்ளி என் மூக்கருகே நீட்டினார். டீசல் மணத்தது. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். "நாங்கள் எப்பவோ இருந்து சொல்லிக்கொண்டு திரியிறம் தம்பி. நீங்கள்தான் இண்டைக்கு வாறியள்" என்றார். அன்று நான் அனுப்பிய செய்தி, 'சுன்னாகத்தில் திடீர்ப் பரபரப்பு' என்று தொடங்கியது. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. நான் திடீரென்று போயிருந்தேன், அவ்வளவே. 2019 ஏப்ரலில் எமது உயர் நீதிமன்றம், அப்பகுதியில் மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்று நீரின் அருமை அறிந்த வாசகர்களுக்கு ஸ்டாண்டிங் றொக் தொலைவான இடமன்று என்று அன்றிரவு நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கம் முடிய வேண்டிய நேரம் நெருங்கியிருந்தது.

எதிர்ப்புப் போராட்டம் ஒன்றைப் பற்றிய செய்தி கல்லெறியப்பட்ட நாளிலிருந்து தொடங்கினால், எறிந்தவரே குற்றவாளி. நிலம் எடுக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கினால் வேறொருவரின் பெயர் முதலில் வரும். எங்கிருந்து தொடங்குவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் பத்திரிகைக் காரியாலயத்தில் இரவு வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள். பக்கச்சார்பின்றி எழுதுகிறோம் என்ற நிம்மதியுடன் நாங்கள் அதனைச் செய்கிறோம். இருதரப்புக் கூற்றையும் போட்டுவிட்டோமே என்று ஆறுதல் கொள்கிறோம். காலத்தை வெட்டிவிட்டு இருதரப்பையும் சமமாக நிறுத்துவது சமநிலை ஆகாது என்பதை நான் ஐம்பது வயதை அண்மித்தபோதுதான் விளங்கிக்கொண்டேன்.

இப்பொழுது பயிற்சிக்கு வரும் இளம் ஊடகவியலாளர்களிடம் ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்வேன். இடம் போதாவிட்டால் பெரியவர்களின் கண்டன அறிக்கையை வெட்டுங்கள். அமைச்சரின் உறுதிமொழியை வெட்டுங்கள். தேவையானால் எனது பத்தியையும் வெட்டுங்கள். பின்னணிப் பந்தியில் மாத்திரம் கைவைக்காதீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்திவிட்டாலும், அன்று வெட்டிய இரண்டு பந்திகளை இன்று இங்கே சேர்த்துவிட்டேன்.